நடந்துபோன காணி

சொதிச் சட்டிக்கு நேர் மேலே ஓர் ஆட்டின் கால் தொங்கிக்கொண்டிருந்தது.

உயிருள்ள ஆட்டின் கால். கூரைக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு முழங்கால்வரை குசினிக்குள் இறங்கி, ஊன்றுவதற்கு இடம் தேடி உதைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் உதைக்கும் கொஞ்சம் கிடுகுத் தூளும் நிறைய மணலும் சொதிக்குள் விழுந்தன. நான் அகப்பையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புகுந்த ஊரில் எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைப் பார்த்தும் பாராததுபோல இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடாத காலம்.

என் கணவர் யோசேப்பு முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, குசினிக்குள்ள ஒரு கால் நிக்குது."

"ஆற்ர கால்?"

"ஆட்டின்ர கால்."

"மிச்ச ஆடு எங்க?"

"மேல."

அவர் நூலை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். வீட்டின் பின்பக்கம் போனார். ஏணி எடுக்கவில்லை. மரத்தில் ஏறவில்லை. அங்கே சரிந்து கிடந்த மணலில் சாவகாசமாக நடந்து, கடைசி அடியைக் கூரையின்மேல் வைத்தார்.

மேலே ஆடும் அவரும் மல்லுக்கட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஏதோ முறிந்தது. இப்போது சொதிச் சட்டிக்கு மேலே இரண்டு கால்கள் தொங்கின. இரண்டாவது கால் என் கணவருடையது.

"திரேசா," என்று மேலிருந்து அமைதியாகக் குரல் வந்தது. "அடுப்பை அணை."

சேற்றிலிருந்து மணலுக்கு

போன கிழமை என் கலியாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு நான் பூவரசங்குளத்துப் பெண் என்பது தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சேற்றில் வளர்ந்தவள். வயல், குளம், எருமை, மழைக்காலத்தில் முழங்கால் புதையும் ஒழுங்கை. சேறு நல்ல குணம் உள்ளது. வைத்த இடத்தில் இருக்கும். காலில் ஒட்டினால் கழுவலாம். காய்ந்தால் சுவராகும்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மாப்பிள்ளை வந்தபோது என் ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அங்க தண்ணி இருக்கோ?"

மாப்பிள்ளை வீட்டார் கடலை நினைத்துக்கொண்டு "ஓம், நிறைய" என்றார்கள். ஐயா கிணற்றை நினைத்துக்கொண்டு சம்மதித்தார். இப்படித்தான் என்னைக் கொடுத்தார்கள்.

வந்து பார்த்தால் எங்கும் மணல். மணலில் நடக்க எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் நான் ஓரடி முன்னால் வைத்து அரையடி பின்னால் வழுக்குவதைப் பார்த்து, முன்னால் போன பெண்கள் பூசை தொடங்கிவிடும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். சோற்றில் மணல், காதில் மணல், கூறைச் சேலையின் மடிப்பில் மணல். சீனிப் போத்தலில் எது சீனி எது மணல் என்று நாக்குத்தான் சொல்ல வேண்டும். பாயை உதறினால் பக்கத்து வீட்டுக்காரி இருமுவாள். அவள் உதறினால் நான் இருமுவேன். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

ஊரின் பெயரை எழுதவில்லை. முல்லைத்தீவுக்கு வடக்கே சின்னதொரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால், இந்தக் கதையில் வரப்போகிற சம்மாட்டியாரின் பேரப்பிள்ளைகள் என்னோடு கதைக்கமாட்டார்கள். அவர்களில் இருவர் ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானப்பிள்ளைகள் வேறு.

நான் வந்த நாளில் ஒரு மணல்மலை எங்கள் வீட்டு வளவுக்கு வெளியே, கடல் பக்கமாக நின்றது. வீட்டைவிட உயரம். மலை என்றால் நிற்கும் என்றுதான் நான் நினைத்தேன். எங்களுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஓலை வேலி இருந்தது. மாரியில் கடல் பக்கமிருந்து வாடைக் காற்று பிடித்த பிறகு ஒரு காலை வேலியைக் காணவில்லை.

"வேலியை ஆரோ களவெடுத்திட்டாங்கள்," என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

யோசேப்பு எட்டிப் பார்த்தார். "களவெடுக்கேல்லை. மணலுக்குள்ளை நிக்குது."

"மணல் நடக்குமோ?"

"காத்து வந்தா நடக்கும்."

"எங்க போகுது?"

அவர் கடல் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் குசினியைப் பார்த்தார். "மேற்கை," என்றார்.

குசினிதான் எங்கள் வளவில் மலைக்கு மேற்கே முதலில் நின்ற பொருள்.

இராவணன் மீசை

அந்த மலைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். வன்னியில் இப்படி ஒரு சங்கதி நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது.

சவரிமுத்துச் சம்மாட்டியார் என்று பெயர். கரைவலைக்குச் சொந்தக்காரரைத்தான் எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். ஊரில் பாதிப்பேர் அவருடைய வலையை இழுத்துச் சாப்பிட்டவர்கள், என் கணவர் உட்பட. ஆள் கட்டை, குரல் நெட்டை. அவருக்கு வள்ளம் இருந்தது, வலை இருந்தது, மேய்ப்பாரில்லாத ஒரு பட்டி ஆடு இருந்தது. ஆனால் யாராவது வெளியூர்க்காரர் வந்தால் அவர் இவற்றில் எதையும் காட்டமாட்டார். தோளில் கைபோட்டு நேரே மணல்மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

"உது என்ர," என்பார்.

அவருடைய தகப்பன் காலத்தில் உறுதிப் பத்திரம் முடித்து வாங்கிய காணி. நான்கு பக்கமும் தட்டையான ஊரில், கறையான் புற்றுக்கு மேல் உயரமான எதையும் காணாத சனத்துக்கு நடுவில், ஒருவருக்கு மட்டும் மலை சொந்தம் என்றால் கொஞ்சம் தலை கனக்கத்தானே செய்யும். விடிந்ததும் உச்சியில் ஏறி, நெற்றியில் கைவைத்து, கடலில் மீன் கூட்டம் நிறம் காட்டுகிறதா என்று பார்ப்பார். மீன் இல்லாத நாளிலும் பார்ப்பார். அவரை நாங்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம் என்று அவருடைய மனைவி பிலோமினா மாமியே என்னிடம் சொன்னா.

மலை முழுவதும் இராவணன் மீசை என்ற புல் படர்ந்திருந்தது. ஊசிபோலக் குத்தும். அதற்குக் கீழே அடம்பன் கொடி. நான் கலியாணமாகி வருவதற்குக் கொஞ்ச நாட்களுக்கு முன்னால், உச்சிக்கு ஏறும்போது புல் காலில் குத்துகிறது என்று சம்மாட்டியாருக்குக் கோபம் வந்ததாம். ஆட்களை விட்டு அடிவாரம் முதல் உச்சிவரை எல்லாவற்றையும் பிடுங்குவித்தார். மலைக்கு ஒரு முழுச் சவரம். பிடுங்கி முடிந்த அன்று வெயிலில் அது வெள்ளை வெளேரென்று மின்னியது என்றும், சம்மாட்டியார் அடிவாரத்தில் கதிரை போட்டு மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் மாமி சொன்னா.

மணலைப் பிடித்துவைத்திருந்ததே அந்த மீசையும் கொடியும்தான் என்று ஊருக்குப் பிறகுதான் விளங்கியது. மீசையை எடுத்ததும் இராவணன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான்.

நாங்கள் செய்த யுத்தம்

முதலில் அள்ளிப் பார்த்தோம். காலையில் யோசேப்பும் அவருடைய தம்பியும் கடகத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் கடற்கரையில் கொட்டுவார்கள். மத்தியானம் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று அதே மணலைச் சுத்தமாகக் காயவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தரும். கொட்டிய மணல் திரும்பியதா புது மணல் வந்ததா என்று அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்து இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார்கள்.

பிறகு பனையோலையால் உயரமாக ஒரு வேலி. மணல் வேலியில் சாய்ந்து, இளைப்பாறி, ஏறி இந்தப் பக்கம் இறங்கியது. வேலி அதற்கு ஏணியாகத்தான் உதவியது.

மூன்றாவது யோசனை என்னுடையது. எங்கள் ஊரில் வெறும் நிலம் கிடந்தால் பூசணி போடுவோம். கொடி படர்ந்தால் மணல் அடங்கும் என்று, பூவரசங்குளத்திலிருந்து விதை எடுப்பித்து, சாணியும் குளத்து மண்ணும் கரைத்து, மலையின் சரிவில் நானே குழி தோண்டிப் போட்டேன். யாரும் நம்பவில்லை. ஆனால் முளைத்தது. நான்கு இலை விட்டது. சம்மாட்டியாரின் ஆடுகள் அதுவரை அந்த மொட்டை மலைக்கு வந்ததே இல்லை. தின்ன ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு வருவது? என் பூசணியைத் தின்ன வந்தவை, தின்று முடித்ததும் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்தபடியாகத் தின்னக்கூடிய பொருள் எங்கள் கிடுகுக் கூரை.

ஆட்டுக்கால் சொதிக்கு மேல் தொங்கியதற்கு இதுதான் வரலாறு.

தென்மேற்கிலிருந்து சோழகம் பிறந்தால் காற்று மாறும், மலை திரும்பிப் போய்விடும் என்று யோசேப்பு ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். சோழகம் வந்தது. மேற்கே அடர்ந்த காடு. வந்த காற்றைக் காடு மறித்துவிட்டது. மலை உச்சியில் கொஞ்சம் மணல் தலைமயிர்போலப் பறந்தது. அவ்வளவுதான்.

பத்து

ஆட்டையும் கணவரையும் ஒருவழியாக வெளியே எடுத்தோம். இரண்டு பேருக்கும் காலில் சிராய்ப்பு. அன்று மாலை சம்மாட்டியார் வந்தார். கூரையைப் பார்த்துக் கவலைப்பட வந்தார் என்று நினைத்து நான் கதிரை எடுத்துப் போட்டேன்.

"என்ர ஆடு நொண்டுது," என்றார்.

"அது எங்கட கூரையில ஏறினது சம்மாட்டியார்," என்றார் யோசேப்பு.

"என்ர ஆடு என்ர மணலிலதான் நிண்டது. பக்கத்தில ஆர் உன்னைக் கூரை வைக்கச் சொன்னது?"

"கூரை எங்கட தேப்பன் காலத்திலயிருந்து உதிலதான் நிக்குது. மணல்தான் வந்தது."

"அதுக்கு நான் என்ன செய்ய? பிள்ளை, ஆட்டின்ர காலுக்கு ஒரு பத்துப் போட்டு விடு. நீ வயல் பக்கத்து ஆள், உனக்குக் கைமருந்து தெரியும்."

நான் வயிற்றில் முதல் பிள்ளையோடு இருந்தேன். பிளந்த கூரைக்குக் கீழே குந்தியிருந்து, புளியும் உப்பும் காய்ச்சி அந்த ஆட்டின் காலுக்குப் பத்துப் போட்டேன். மிச்சம் இருந்ததைக் கணவருடைய காலில் பூசினேன். சம்மாட்டியார் தேத்தண்ணி குடித்து முடித்து, ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு யோசேப்பு எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்த வீடு அவருடைய தகப்பன் கட்டியது. குசினிச் சுவர் உள்ளே சாயத் தொடங்கியிருந்தது. இன்னொரு வாடைக்கு நிற்காது. பிள்ளை பிறக்கும்போது மேலே கூரை இருக்குமா என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு விதானையாரிட்டைப் போறன்," என்றார் கடைசியில்.

கட்டாக்காலி

ஊர் வழக்கு விசாரிக்கும் எங்கள் பகுதி விதானையார் புதுக்குடியிருப்புப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, சைக்கிள். மணலில் சைக்கிள் ஓடாது. அதனால் எங்கள் ஊருக்கு வரும்போது அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். ஏன் தெருவோரத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று கேட்டதற்கு, "விதானை சைக்கிளில வாறான் எண்டு சனத்துக்குத் தெரியோணும்," என்றாராம்.

அவருக்கு வழக்கமாக வரும் முறைப்பாடு கட்டாக்காலி மாடு. யாருடைய மாடு யாருடைய வயலில் இறங்கியது என்று விசாரித்து விசாரித்து, உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் கட்டாக்காலி மாடாகவே பார்க்கப் பழகியிருந்தார்.

விசாரணை எங்கள் முற்றத்தில் நடந்தது. ஊர் முழுக்க வந்துவிட்டது. முற்றத்தில் இடம் போதாமல் பாதிப்பேர் மலைச் சரிவில் ஏறி இருந்தார்கள். அவர்கள் இருக்க இருக்க மணல் சரிந்து, ஒவ்வொருவராகக் கீழே வந்து சேர்ந்தார்கள். திரும்பவும் ஏறினார்கள்.

விதானையார் சம்மாட்டியாரைப் பார்த்துக் கேட்டார். "உந்த மணல் ஆற்ர?"

"என்ர."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இதில யோசிக்க என்ன கிடக்கு? என்ர அப்புவின்ர காலத்துச் சொத்து."

"அப்ப உங்கட மணல் இவையின்ர குசினிக்கு மேல என்ன செய்யுது?"

"மணல் என்ர," என்றார் சம்மாட்டியார். "நடை காத்தின்ர."

சனத்துக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. சிலர் தலையாட்டினார்கள். விதானையார் குடையால் மணலைக் குத்திப் பார்த்தார்.

"மாடெண்டா கயித்தில கட்டுங்கோ எண்டு சொல்லுவன். இதை என்னெண்டு கட்டுறது? ஒண்டு செய்யுங்கோ. இந்தக் காணி எனக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. ஊர்ச் சனம் எல்லாருமாச் சேர்ந்து அள்ளிக் கடலுக்கை போடட்டும்."

"ஒரு பிடி தொடக்கூடாது," என்று சம்மாட்டியார் எழுந்துவிட்டார். "என்ர அப்பு மலையைத்தான் வாங்கினவர். மலை எங்க நிக்குதோ அதுதான் என்ர காணி. உண்மையைச் சொன்னா, இவையின்ர குசினி இப்ப என்ர காணிக்குள்ள நிக்குது. நான் ஒண்டும் பேசாமல் இருக்கிறன். என்ர பெருந்தன்மை."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பிலோமினா மாமி நெற்றியில் அடித்துக்கொண்டா. யோசேப்பு எழுந்தார். அவசரப்படாத அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. தம்பிக்காரன் அவருடைய கையைப் பிடித்து இருத்தினான்.

நான் வாசலில் இருந்தேன். பெண்கள் அந்த இடத்தில் பேசுவது வழக்கமில்லை. ஆனால் சில நாட்களுக்கு முன்னால் விறகு பொறுக்க மலையின் மறுபக்கம், கடல் பக்கமாகப் போயிருந்தேன். மலை விட்டுவிட்டு வந்த இடத்தைக் கண்டிருந்தேன். கெட்டியான, மேடான தரை. உடைந்த பானை ஓடுகள். ஓர் அம்மிக்கல். வட்டமாகக் கல் கட்டிய, மணல் நிறைந்த ஒரு பழங்கிணறு. எங்களுக்கு முன்னால் அங்கேயும் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டின்மேலும் இந்த மலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. இப்போது எழுந்து வந்துவிட்டது. அம்மியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

அதை நினைத்துக்கொண்டு கேட்டேன். "சம்மாட்டியார், மலை முந்தி நிண்ட இடம் இப்ப ஆற்ர?"

கோபத்தில் இருந்தவர் யோசிக்கவில்லை. "அது வெறுந்தரை. எனக்கு என்னத்துக்கு?"

"உங்கட காணி இல்லையோ?"

"பிள்ளை, உனக்குக் காது கேக்காதோ? மலை எங்க நிக்குதோ அதுதான் என்ர காணி."

நான் விதானையாரைப் பார்த்தேன். "கேட்டியளோ?"

"கேட்டன்," என்றார் விதானையார். தீர்க்கக்கூடிய ஒரு விஷயம் கடைசியில் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்து, "நீங்களும் கேட்டியளோ?" என்றார்.

"ஓம்," என்றது ஊர்.

சம்மாட்டியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கத் தொடங்கியது. ஆனால் வாயை விட்டாயிற்று. திருப்பி எடுத்தால், மலை தன்னுடையதல்ல என்று ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர் மலையை வைத்துக்கொண்டார்.

வீடு தூக்கிய நாள்

ஓலைக் கூரை வீட்டில் ஒரு வசதி உண்டு. கப்புத் தூண்களிலிருந்து கட்டுகளை அவிழ்த்தால் கூரையை முழுசாகத் தூக்கலாம்.

கடல் கலங்கியிருந்த ஒரு நாள். வலை போட முடியாது. ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். தூக்குவதற்குப் பாதிப்பேர், கட்டளையிடுவதற்குப் பாதிப்பேர். மூலைக்கு மூலை தடி கொடுத்து, வலை இழுக்கும்போது எடுக்கிற சத்தத்தையே எடுத்துத் தூக்கினார்கள். கூரை எழும்பியது. கொஞ்சம் ஆடியது. நடந்தது.

மலை விட்டுவிட்டு வந்த அந்தத் தரைக்கு, மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், கூரை தாழ்வாக இருந்ததால் உள்ளே நின்று சுமந்தவர்களுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. வெளியே நின்றவர்கள் வழி சொன்னார்கள். ஒருவர் இடது என்றார், எதிரே நின்றவர் தன் இடதைக் காட்டினார். கூரை கொஞ்சம் தயங்கிவிட்டு, நேரே கடலை நோக்கிப் போனது.

"தண்ணி," என்று கூரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "காலில தண்ணி படுது."

"போங்கோ, போங்கோ, சரியாத்தான் போறியள்," என்றார் கரையில் நின்ற விதானையார். அவர் அப்போது வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார்.

முழங்கால் தண்ணீரில் எங்கள் வீட்டின் கூரை நிற்பதை நான் பார்த்தேன். பிள்ளை வயிற்றில் புரண்டது. நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்கமுடியாமல் மணலில் இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை வரப்போகிறதாக்கும் என்று பயந்து என் முதுகைத் தடவினாள். பிறகு அவளும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் விழுந்து சிரித்தாள்.

கூரை திரும்பி வந்தது. மாலைக்குள் நட்டு வைத்த கப்புகளில் ஏறி உட்கார்ந்தது. கீழ் ஓலையிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது. அடுத்த கிழமை பழங்கிணற்றைத் தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில், உப்பில்லாத தண்ணீர். பிள்ளை பார்க்க வந்த என் ஐயா ஒரு செம்பு குடித்து, வாயைத் துடைத்து, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "ஓம். தண்ணி இருக்கு."

வளவைச் சுற்றி இராவணன் மீசை முளைத்தது. குத்தியது. ஒருவரையும் பிடுங்க நான் விடவில்லை.

மேற்கே

எங்கள் பழைய வளவு இரண்டு மூன்று வாடைக்குள் முற்றாக மூடுண்டது. மலை நிற்கவில்லை. ஒழுங்கையைக் கடந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் சம்மாட்டியாரின் வீடு.

முதலில் அவருக்குப் பெருமை. "என்ர மலை என்னைப் பாக்க வருது," என்று கரையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் அவருடைய வேலியைக் காணவில்லை. பிறகு கோழிக்கூட்டைக் காணவில்லை. அதற்குப் பிறகு அவர் மலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். உச்சியில் ஏறி நெற்றியில் கைவைத்து நிற்பதையும் விட்டுவிட்டார். அங்கே நின்றால் கடலைவிடத் தன் வீட்டு முகடுதான் பக்கத்தில் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கடல் எப்படி என்று கேட்டார். கடல் அவருக்குத் தெரியாததா? சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்றார். என் மகனைத் தூக்கி மடியில் வைத்து, நல்ல பாரம் என்றார். இன்னொரு தேத்தண்ணி குடித்தார். யோசேப்பு சுவரில் சாய்ந்து நின்று, உதவிக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குசினிச் சுவர் நினைவிருந்தது.

சம்மாட்டியார் எழுந்தார். படலைவரை போனார். படலையில் நின்ற மாமி அவரை வெளியே விடவில்லை.

"கேட்டாச்சோ?" என்று மாமி கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

"கேட்டாச்சோ எண்டு கேக்கிறன்."

அவர் திரும்பி வந்தார். வாய் திறந்தார். வரவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கையைக் காட்டி, எங்கள் வளவின் வடக்கு மூலையைச் சுட்டினார். அவ்வளவுதான்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே கூரையைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார், எதற்கும் ஒரு முறை கடலையும் பார்த்துவிட்டு வந்தார்.

"கிணத்துக்குக் கிட்டவா எடுங்கோ," என்றார். "மாமிக்குத் தண்ணி அள்ளச் சுகம்."

அவருடைய வீட்டுக் கூரை எங்களுடையதைவிடப் பெரிது. ஊர் திரும்பவும் கூடியது. இந்த முறை வழி சொல்ல ஒரே ஒருவர் என்று முதலிலேயே தீர்மானித்தோம். மலையைச் சுற்றிப் போவோம் என்றார்கள். சம்மாட்டியார் மறுத்துவிட்டார்.

"சுத்தத் தேவையில்லை. என்ர காணிக்குள்ளாலயே போங்கோ."

யாருக்கும் வாதாட மனமில்லை. கணுக்கால் புதையப் புதைய, மூச்சு வாங்க வாங்க, அந்தக் கூரையை மலையின்மேல் ஏற்றினார்கள். உச்சிக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ."

நின்றார்கள். ஏதோ கழன்றுவிட்டதென்று நினைத்தோம். அவர் குனிந்து கூரைக்குள் போனார்.

"பிலோமினா," என்று கூப்பிட்டார். "இஞ்ச உள்ளுக்கை வா."

மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனா. கூரைக்குக் கீழே, சுவரில்லாத அந்த வீட்டுக்குள், சுற்றிவரச் சுமக்கிறவர்களின் கால்களுக்கு நடுவில், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. இரண்டும் அங்கிருந்து தெரிந்தன.

"பார்," என்றார் அவர். "என்ர காணியில எங்கட வீடு."

மாமி அவருடைய தோளில் இருந்த கிடுகுத் தூளைத் தட்டிவிட்டா.

தடிகள் தோளை வெட்டின. காலுக்குக் கீழே மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. வடக்கு மூலையில் தடி பிடித்திருந்த என் கணவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் கீழே நின்று கண்டேன். இப்போது ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

"ஆறுதலாப் பாருங்கோ, அவசரமில்லை சம்மாட்டியார்," என்றார் யோசேப்பு. "எங்களுக்குப் பாரம் ஒண்டும் இல்லை."